நோயும் பாயும்

நோயையும் பாயையும் இணைத்துப் பேசுவது நம்மவர் வழக்கு. ஒருவர் நலங்குன்றினார் என்று சொல்ல வந்தவர், "ஆள் பாயிலை விழுந்திட்டார்" என்கிறார்; தேறிவிட்டார் என்பதற்கு, "எழும்பி உலாவுறார்" என்கிறார். நோய் எங்கே முடிகிறது, பாய் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டையும் மொழியே சேர்த்துக் கட்டிவிட்டது. பாய் நோய்க்கு மருந்தா, அல்லது தானும் ஒரு நோயா என்ற ஐயம் எழுபது வயது வரையில் எனக்குத் தோன்றியதில்லை. குடலிறக்கத்துக்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய அன்றுதான் அது தோன்றியது.

வைத்தியசாலையில் நான் தங்கியது ஓரிரவு மாத்திரமே. சிகிச்சை நடந்த அன்று மாலையிலேயே தாதி ஒருவர் வந்து, ஒருக்களித்துத் திரும்பி முழங்கையை ஊன்றி எழும் வகையைக் கற்பித்து, கட்டிலிலிருந்து யன்னல் வரையில் என்னை நடத்தினார். மறுநாட் காலை மும்மொழியிலும் அச்சிட்ட துண்டொன்றைக் கையில் தந்து, "நடவுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், பாரம் தூக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்ற அக்காவுக்கு இக்காட்சி பொறுக்கவில்லை. "கத்தி வைச்ச உடம்பை இப்பிடி நடத்திக்கொண்டோ வாறது? ஒரு பத்து நாளைக்கெண்டாலும் வைச்சிருக்கச் சொல்லியிருக்கலாமே, தம்பி!" என்று அங்கலாய்த்தார். அக்கா என்னினும் ஏழு வயது மூத்தவர். என் மனைவி மறைந்த பின்னர் இவ்வீட்டை ஆள்பவரும் அவரே. அன்று முதல் என் உடம்பும் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டது.

சத்திர சிகிச்சை என்று இப்போது சொல்கிறோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1867-இல் வெளியிட்ட நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். பழைய பெயரில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. சத்திரம் என்பது ஆயுதம்; இரணம் என்பது புண். ஆயுதத்தின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. புண்ணின் வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. அதுவும் பெரும்பாலும் வீட்டிலேதான் நடைபெறுகிறது. அங்கே வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. அன்புடையவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய அச்சங்களும் இருக்கின்றன.

முதல் நான்கு நாட்களும் விருந்தினர் வரவால் நிறைந்தன. நோயாளியைப் பார்க்க வருவோர் வெறுங்கையுடன் வருவதில்லை. தோடம்பழம், அப்பிள், மா போத்தல், பிஸ்கற் பெட்டி என்று மேசை நிறைந்தது. வந்தவர்கள் என் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, இதே சிகிச்சை செய்துகொண்டு இறந்துபோன தம் உறவினர் ஒவ்வொருவரையும் பற்றி விரிவாக எடுத்துரைத்தார்கள். நகைச்சுவை உள்ளவர்கள் வந்தால் அது இன்னொரு விதத் துன்பம். அடிவயிற்றிலே தையல் இருப்பவனுக்குச் சிரிப்பைப் போன்ற பகை வேறில்லை. சிறு தலையணை ஒன்றைப் புண்ணின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கவும் இருமவும் பழகினேன். இதுவும் அத்துண்டிலே இருந்த உபாயந்தான்.

தோடம்பழங்கள் மேசையிலேயே இருந்தன; என் வாய்க்கு வரவில்லை. "புளிப்புப் புண்ணைச் சீழ் வைக்கப் பண்ணும்" என்பது அக்காவின் தீர்ப்பு. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, இறால், நண்டு, முட்டை யாவும் கிரந்தி என்ற ஒரே குற்றச்சாட்டின்கீழ் விலக்கப்பட்டன. குழையச் சமைத்த சோறும் ஒரு பத்தியக் கறியுமே என் உணவு. தோடம்பழங்களை அயல்வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். அவர்களுடைய முழங்காற் சிராய்ப்புகள் எவ்வளவு விரைவில் ஆறின என்பதை நான் கட்டிலில் இருந்தபடி கவனித்துக்கொண்டிருந்தேன்.

இவ்விடத்தில் ஒரு பழைய கடற்பயணத்தைக் குறிப்பிடவேண்டும். 1740-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஜோர்ஜ் அன்சன் கப்பல்கள் சிலவற்றுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். மாதக் கணக்கில் பச்சைக் காயோ பழமோ காணாத மாலுமிகளை ஸ்கேர்வி என்னும் நோய் பற்றிக்கொண்டது. அவர்களுள் ஒரு கிழவர் இருந்தார். 1690-இல் அயர்லாந்திலே போயின் ஆற்றங்கரையில் நடந்த போரிற் காயமுற்றவர் அவர். அக்காயங்கள் ஆறி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பலிலே அந்நோய் கண்டதும், அவை ஒருபோதும் ஆறாதவை போல மீண்டும் வாய் திறந்தன என்று அப்பயண வரலாறு கூறுகிறது. ஆறிய புண் என்பது ஒரு முறை கட்டி முடித்த சுவரன்று. உடல் அதனை ஓயாது அழித்தும் புதுக்கியும் காத்துவருகிறது. அவ்வேலைக்கு வேண்டிய கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் செவ்வனே ஆக்குவதற்கு வைற்றமின் சீ இன்றியமையாதது.

இதனைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் பொஸ்ரன் நகரத்து இளஞ் சத்திர வைத்தியர் ஜோன் கிறண்டன். 1939-இல் அவர் வைற்றமின் சீ அறவே இல்லாத உணவை உண்ணத் தொடங்கினார். மூன்றாம் மாதத்தில் அவருடைய முதுகிலே ஒரு கீறல் இடப்பட்டது. அது ஒழுங்காக ஆறிற்று. ஆறாம் மாதத்தில் மற்றொரு கீறல் இட்டார்கள். பத்து நாட் கழித்துப் பார்த்தபோது மேற்றோல் மாத்திரமே மூடியிருந்தது. உள்ளே புண் ஆறவேயில்லை. பின்னர் அவ்வைற்றமினைக் கொடுத்தவுடன் அதுவும் ஆறிற்று. புளிப்பு புண்ணுக்குப் பகையென்று நாம் ஒதுக்கும் தோடையும் தேசிக்காயும் நெல்லியும் புண்ணுக்கு எவ்வளவு வேண்டியவை என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. நமது வளவிலே கேட்பாரற்று உதிரும் கொய்யாப்பழத்தில் தோடம்பழத்தைக் காட்டிலும் அச்சத்து அதிகம். முட்டையும் மீனும் பருப்பும் தரும் புரதமோ புதுத் தசைக்கு மூலப்பொருள்.

ஆனாலும் அக்காவை முழுவதுமாகக் குறை சொல்லுதல் நியாயமன்று. "மூண்டு மாதத்துக்குத் தண்ணி வாளியைத் தொடப்படாது" என்று அவர் இட்ட கட்டளையைப் பாருங்கள். தையல் வெட்டும் காலத்திலே புண்ணின் வலிமை, வெட்டுப்படாத தோலின் வலிமையிற் பத்திலொரு பங்குகூட இராது. மூன்றாம் வாரத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு வரும். மூன்று மாதமளவில் ஐந்தில் நான்கு பங்கை எட்டும். அதன்மேற் பெரிதாக ஏறுவதில்லை. மூன்று மாதம் என்ற கணக்கை அக்காவுக்கு யார் சொன்னார்கள்? எந்த நூலையும் அவர் படிக்கவில்லை. பலருடைய புண்களைப் பார்த்து வளர்ந்த ஒரு சமூகத்தின் கணக்கு அது.

எங்களுக்குள் எழுந்த பெரும் பிணக்கு உணவைப் பற்றியதன்று, கட்டிலைப் பற்றியது. பதினைந்து நாள் நிலத்திற் கால் வைக்கலாகாது என்று அக்கா. அன்றாடம் நடக்கவேண்டும் என்று துண்டு.

படுத்துக் கிடத்தலே மருந்து என்னும் கொள்கை நமது கிராமத்துக்கு மாத்திரம் உரியதென்று எண்ணவேண்டாம். லண்டனிலே கைஸ் வைத்தியசாலையின் ஜோன் ஹில்ற்றன் ஓய்வையும் நோவையும் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863-இல் நூலாக வெளிவந்து, பல தலைமுறை வைத்தியர்களுக்கு வேதமாயின. முறிந்த எலும்புக்கும் வீங்கிய மூட்டுக்கும் அவர் விதித்த ஓய்வு தக்கதே. காலப்போக்கில் எல்லா நோய்க்கும் எல்லாச் சத்திர சிகிச்சைக்கும் அதுவே விதியாயிற்று. வயிறு கிழித்துத் தைத்தவர்களை இரண்டு வாரம், மூன்று வாரம் என்று மல்லாத்திக் கிடத்தினார்கள். எழுந்தால் தையல் தெறித்துவிடும் என்று அஞ்சினார்கள். சிக்காகோவில் எமில் றீஸ் என்பவர் 1899-இலேயே, தம் நோயாளிகளை ஓரிரு நாளில் எழுப்பி நடத்துவதாகவும் அவர்கள் முன்னையோரிலும் விரைவாகத் தேறுவதாகவும் எழுதினார். கேட்பார் அதிகம் இருக்கவில்லை. ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டால் படித்தவர் பாமரர் என்ற வேறுபாடு அதற்கில்லை.

அவ்வழக்கத்தை அசைத்தது பெரும்பாலும் யுத்தம். இரண்டாம் உலகப் போரிற் கட்டில்கள் போதவில்லை. காயம்பட்டவன் விரைவில் எழவேண்டியிருந்தது. எழுந்தவர்கள் கெட்டுப்போகவில்லை. டெற்றோயிற் நகரத்து டானியல் லைட்ஹவுசர் இதைப் பற்றி 1946-இல் ஒரு தனி நூலே எழுதினார். கனடாவிலே தொறொன்றோ நகரில் எர்ல் சோல்டைஸ் என்பவருடைய அனுபவம் என் நோய்க்கே நேராகப் பொருந்துவது. அவர் குடல்வாலை வெட்டி எடுத்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி படுக்கையில் அடங்கிக் கிடக்க மறுத்து ஓடியாடினாள். அவளுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. இதனை மனதிற் கொண்டிருந்த அவர், குடலிறக்கத்தால் இராணுவத்திற் சேர முடியாதிருந்த இளைஞர்களுக்குச் சத்திர சிகிச்சை செய்து, உடனுக்குடன் நடக்க விட்டார். 1945-இல் இந்நோய்க்கென்றே அங்கே ஒரு வைத்தியசாலையை நிறுவினார். தொறொன்றோவிலிருக்கும் என் மகன் தொலைபேசியில் இக்கதையைச் சொல்லி, "மாமியிட்டைச் சொல்லுங்கோ அப்பா" என்றான். சொன்னேன். "அது குளிர் நாடு, அங்கை நடக்காட்டில் விறைச்சுப் போவினம்" என்று அக்கா விடையிறுத்தார்.

1947-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் றிச்சட் ஆஷர் என்ற லண்டன் வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். படுக்கைக்குப் போவதன் அபாயங்கள் என்பது அதன் தலைப்பு. நோயாளியாக நடித்து வைத்தியசாலைகளை ஏறியிறங்குவோரின் கோளாறுக்கு 1951-இல் மன்சௌசன் என்று பெயரிட்டவரும் இவரே. அங்கதம் நிறைந்த எழுத்தாளர். உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, படுக்கை அதனை எவ்வாறு கெடுக்கிறது என்று அக்கட்டுரையிலே காட்டுகிறார். நகைத்துக்கொண்டே வாசிக்கத் தொடங்குகிறவர் நடுவிலே நகைப்பை நிறுத்திவிடுவார்.

கிடப்பவனுடைய நுரையீரலின் அடிப்பாகம் நன்றாக விரிவதில்லை, சளி தேங்குகிறது, காய்ச்சல் பிடிக்கிறது. தசை கரைகிறது. 2007-இல் அமெரிக்காவில், உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாட் படுக்கையிலிருக்கச் செய்து அளந்தபோது, அவர்களுடைய கால்களிலிருந்து மாத்திரம் சராசரி ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்த நிலை. யாவற்றிலும் கொடியது குருதி உறைதல். நாம் நடக்கும்போது கெண்டைக்காற் தசை சுருங்கி விரிந்து, உள்ளோடும் நாளங்களிலுள்ள குருதியை மேலே தள்ளுகிறது. கால் அசையாதபோது குருதி தேங்குகிறது. சத்திர சிகிச்சைக்குப் பின் இயல்பாகவே குருதி உறையும் தன்மை மிகும். தேங்கியது கட்டியாக உறைகிறது. அக்கட்டி பிய்ந்தால் இதயத்தின் வழியே சென்று நுரையீரல் நாளத்தை அடைக்கிறது. நுரையீரலிற் காணும் கட்டி அங்கே பிறந்ததன்று, தூரத்து நாளத்திலிருந்து வந்தது என்பதை ஜேர்மனியின் றுடோல்ப் விர்ஹோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிறுவினார்.

இதனை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீடு வந்த மூன்றாம் நாள் மாலை அக்கா நல்லெண்ணெயைச் சூடாக்கிச் சிறு கிண்ணத்தில் எடுத்துவந்து, என் காற்பக்கத்தில் அமர்ந்தார். "படுத்துக் கிடக்கிற கால், உருவிவிட்டால் சுகமாயிருக்கும்" என்றார். வேண்டாமென்று மறுத்தேன். என் தலையணையின் கீழே அந்தத் துண்டு கிடந்தது. காலில் வீக்கமோ நோவோ கண்டால் உடனே வைத்தியசாலைக்கு வரவும், காலை உருவவேண்டாம் என்ற வரியை அன்று காலையிற்றான் வாசித்திருந்தேன். வாசித்ததும் துண்டை மடித்துத் தலையணையின் கீழே மறைத்துவிட்டேன்.

1968-இல் எங்கள் அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தார்கள். எனக்கு அப்போது வயது பதின்மூன்று, அக்காவுக்கு இருபது. பன்னிரண்டு நாட் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளறையிலே கட்டில் போட்டு, யன்னலைச் சாத்தி, நிலத்திற் கால் படாமல் வைத்துக் காத்தோம். ஊட்டுவதும் துடைப்பதும் துணி மாற்றுவதும் அக்காவே. படிப்பை அவ்வாண்டுடன் நிறுத்திக்கொண்டவரும் அவரே. இரண்டு வாரமளவில் அம்மா இடக்கெண்டைக்கால் நோகிறதென்றார். கால் சற்று வீங்கியிருந்தது, தொட்டால் சூடாயிருந்தது. கிடந்து கிடந்து வாதம் பிடித்துவிட்டதென்று பெரியவர்கள் சொன்னார்கள். மூன்று மாலைகள் அக்கா எண்ணெய் போட்டு அக்காலை உருவினார். நான் விளக்குப் பிடித்தேன். நான்காம் நாட் காலை, முகங் கழுவவேண்டுமென்று அம்மா தாமாகவே எழுந்து கதவுநிலை வரையில் நடந்தார். நெஞ்சைப் பிடித்தார். மூச்சு எடுக்க முடியவில்லை. பெரியப்பா கார் பிடிக்க ஓடினார். கார் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவசரப்பட்டு எழும்பினவ" என்று ஊர் சொல்லிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பமும் அதையே சொல்லிவந்தது. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் எழும்பாதே என்பதுதான் அக்காவின் முதற் சொல். அந்தச் சொல்லின் வேர் எங்கே இருக்கிறதென்பதை நான் அறிவேன். ஆனால் கதவுநிலை வரையில் நடந்த அந்த நாலடியா அம்மாவைக் கொன்றது? மருந்து கட்டப் போன நாளில் இளவைத்தியர் ஒருவரிடம் இதைக் கூறினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பின்னர், "அப்பிடித்தான் இருந்திருக்கவேணும், ஐயா" என்று சொல்லி, "அந்தக் காலத்திலை வீட்டிலை இருந்த ஆருக்கும் அது தெரிஞ்சிருக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதை அக்காவிடம் சொல்லுவதா, விடுவதா? எழுபத்தேழு வயதில் ஒருவருக்கு இந்த உண்மை எதற்காக? அவ்விரவுகளில், பானி பேர்னி என்ற ஆங்கில நாவலாசிரியையின் நினைவு எனக்குப் பலமுறை வந்தது. 1811 செப்டெம்பர் 30-ஆந் திகதி, பாரிஸ் நகரில், தம் சொந்த வீட்டிலே, நெப்போலியனின் சத்திர வைத்தியரான லாறி முதலியோர் அவருடைய மார்பகத்தை வெட்டியெடுத்தார்கள். ஈதர் மயக்க மருந்து வழக்குக்கு வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. சிறிது மதுக் கலவை குடிக்கக் கொடுத்ததோடு சரி. அவர் உயிர் தப்பி, 1840 வரையில் வாழ்ந்தார். அந்நாளின் விபரத்தைத் தம் அக்கா எஸ்தருக்குக் கடிதமாக எழுத முனைந்தபோது, அதை எழுதி முடிக்க அவருக்கு மறு ஆண்டு ஜூன் மாதம் வரையிற் சென்றது. எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் அவர் அஞ்சினார். புண் ஆறிவிட்டது, சொல் ஆறவில்லை.

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆறாம் நாள் தலையணை உறை மாற்றிய அக்கா துண்டை எடுத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையிலிருந்து முழுவதையும் வாசித்திருக்கிறார். அன்று மாலை எண்ணெய்க் கிண்ணம் வரவில்லை. அவர் வந்து கட்டிலருகே நின்றார். "எழும்பு தம்பி, படலை மட்டும் நடந்து பாப்பம்" என்றார். நான் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழுந்தேன். முற்றத்தில் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்தபடி அக்கா மெல்ல நடந்து வந்தார். படலையடியில் நின்று இளைப்பாறினோம். இருட்டிவிட்டது. "நான் தானே உருவினனான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு அப்ப இருபது வயசு" என்றார் மீண்டும். "விளக்குப் பிடிச்சது நான், அக்கா" என்றேன்.

அன்றிரவு சோற்றோடு ஒரு அவித்த முட்டை இருந்தது. மறுநாள் தோடம்பழச் சாறும் வந்தது.

இப்போது ஐந்தாம் வாரம். காலையும் மாலையும் படலையிலிருந்து கிணற்றடி வரையிற் பன்னிரண்டு தரம் நடக்கிறேன், எண்ணுபவர் அக்கா. சில நாட்களில் எண்ணிக்கை தவறி, இரண்டு தரம் கூடுதலாக நடத்திவிடுகிறார். இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டேன். வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார்.

"எழுது. என்ரை பேரைப் போடாதை. கால் வீங்கினா உருவ வேண்டாமெண்டதை மட்டும் பெரிய எழுத்திலை போடச் சொல்லு."